பாறசாலையில் சிவப்புச் சரடு கட்டிய ஒயர்

தக்கலையிலிருந்து ஆரியங்கோடு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். வால்பாறைக்கும் தனுஷ்கோடிக்கும் போய்வந்து எழுதியபோதெல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பழைய வேன் வைத்திருப்பவர்களும், மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கும் ஆட்களை வெளியே கூட்டிப்போக நினைப்பவர்களும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு வருஷமாக நுரையீரல் சரியில்லை. தோளில் ஒரு பை, பைக்குள் சின்ன ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். அது இருந்தால் நடப்பாள், காய் நறுக்குவாள், சண்டையும் போடுவாள். அது நின்றால் கால்மணி நேரத்தில் உதடு நீலம் பாரித்துவிடும். அவளுடைய ஒரே மகள் ஆரியங்கோட்டில் புதுவீடு கட்டி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்காய்ச்சு வைத்திருந்தாள். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றே கால். அம்மாதான் அடுப்பு பற்றவைத்துப் பால் பொங்க வைக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

எங்கள் அண்ணன் கூடவே கூடாது என்றார். வீடியோவில் பார்த்தால் போதாதா என்று கேட்டார். ஒரு வாரம் வாதாடி, நானே வேனில் கூட்டிப்போய் நானே கூட்டிவருகிறேன் என்று வாங்கிய அனுமதி அது. அதிலும் ஒரு நிபந்தனை. வழியில் ஏதாவது ஒன்று ஆனால், ஒரே ஒரு தடவை ஆனால், அக்கா இனிமேல் வீட்டுப்படி தாண்டக் கூடாது. அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அக்காவின் மருந்துச் செலவு முழுக்க அவர் பார்ப்பதால் எதிர்த்துப் பேச எங்களுக்கு வாயும் கிடையாது.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். என் வேன் பதினெட்டு வயதுக் கிழடு. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிற ரகம். மெஷினின் கார் ஒயரை டாஷ்போர்டு சாக்கெட்டில் சொருகிவிட்டால் வண்டி ஓட ஓட மெஷினும் சார்ஜ் ஆகும். மார்த்தாண்டம் மேம்பாலம் வரை அக்கா ஊர்க்கதை பேசினாள். களியக்காவிளை தாண்டும்போது மணி எட்டே முக்கால். மீன் வண்டிகளும் சர்ச்சுக்குப் போகிற பைக்குகளுமாக ரோடு நிறைய கூட்டம்.

கேரளச் செக்போஸ்ட் தாண்டிப் பாறசாலை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. சீட்டுக்கு அடியில் டங் டங் என்று சத்தம். உடனே டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தது. அந்த லைட் எரிந்தால் ஆல்டர்னேட்டர் கரண்டு கொடுக்கவில்லை என்று அர்த்தம். நம்ம ஊரில் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அது வேலை செய்யாவிட்டால் வண்டி ஓடும்வரை பேட்டரி கரையும், அப்புறம் வண்டியும் நிற்கும். அக்காவின் மெஷின் ஒயரை உடனே பிடுங்கினேன். இனி மெஷினுக்குள் இருக்கிற பேட்டரிதான் கதி. அது பழைய பேட்டரி, ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம்.

“வீட்டுல குத்துற சார்ஜர் துணிப்பைக்குள்ள இருக்கு இல்லியா, எங்கயாவது ஒரு கடையில குத்திக்கிடலாம்,” என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அத எடுத்து வெளிய வச்சிட்டேன். அது இருந்தா பால் காய்ச்சுத உருளி பைக்குள்ள கொள்ளல.”

உயிரை வீட்டில் விட்டுவிட்டு உருளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்! ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தேன். ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாமே என்பீர்கள். போகலாம். போன பிறகு மெஷின் எதில் ஓடும்? அக்காவின் மருமகனிடம் இருப்பது பைக், அதில் மெஷின் ஒயரைச் சொருக முடியாது. சார்ஜர் இருப்பதோ தக்கலையில். மிச்சமிருந்த வழி, ஆட்டோவில் நேராக நெய்யாற்றின்கரை பெரிய ஆஸ்பத்திரி. பத்து கிலோமீட்டர். ஆஸ்பத்திரி என்ற சொல் அண்ணன் காதில் விழுந்தால் அக்காவின் கதை அன்றோடு முடிந்தது. பத்து மணி வரை பார்ப்பது, அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆட்டோ என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் ஒர்க்‌ஷாப் தேடுவது வீண் வேலை. வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே மூன்று ஷட்டர் பார்த்தேன், மூன்றும் பூட்டு. நாலாவதாக ஒரு வெல்டிங் கடை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வெள்ளைச் சட்டையும் கையில் வேதப்புத்தகமுமாக ஒருவர் உள்ளே எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். முதல் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியாம். பெயர் வில்சன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“சேச்சி, நான் கேட்டும் கிரில்லும் அடிக்குத ஆளாக்கும். வண்டிப்பணி நமக்கு வசமில்ல,” என்றார். அதற்குள் அக்காவின் மூக்குக் குழாயைப் பார்த்துவிட்டார். வேதப்புத்தகத்தை அலமாரியில் வைத்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “நான் ஒண்ணு நோக்கட்டு,” என்று வந்தார்.

சீட்டைத் தூக்க வேண்டும் என்றால் அக்கா இறங்க வேண்டும். அவளைக் கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். உருளிப் பையை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்றுவிட்டாள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், ஆல்டர்னேட்டரைத் தாங்குகிற இரும்புப் பிடியில் ஒரு காது உடைந்து, முழுப் பாரமும் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வில்சன் முகம் தெளிந்தது. “இது வெல்டிங் கேசு. இத நான் செய்து தாறேன்.”

பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயர்களை எடுத்தார். ஒரு சின்ன பிளாஸ்டிக் சாக்கெட், அது ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும், தப்பு வராது. மற்ற இரண்டும் தடித்த ஒயர்கள். இரண்டும் கறுப்பு, இரண்டின் நுனியிலும் போல்ட்டில் மாட்டுகிற ஒரே மாதிரி வளையம், லக் என்பார்கள். ஒன்று பேட்டரியின் பிளஸுக்குப் போவது. இன்னொன்று பாடிக்குப் போகிற எர்த். வண்டி கிழடாகித் துருப்பிடித்துவிட்டதால் எங்கள் மெக்கானிக் கூடுதலாகப் போட்டது அது. எது எந்த போல்ட்டில் இருந்தது என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. உடைந்த பிடியைப் பார்த்த அவசரத்தில் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

வெல்டிங் அரைமணி நேரத்தில் முடிந்தது. அச்சு அசலாகப் பழையபடி ஆக்கிவிட்டார், குறை சொல்ல முடியாது. ஆல்டர்னேட்டரைத் தூக்கி வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒயர்களைக் கையில் எடுத்தபோதுதான் இரண்டு பேரும் முழித்தோம். எது பிளஸ்? எது எர்த்?

“எனக்க வெல்டிங் மெஷினுல ரண்டும் கறுப்பாக்கும்,” என்றார் வில்சன். “நுனியில ஹோல்டர் இருந்தா அது, கவ்வி இருந்தா இது. இதுல ரண்டுக்கும் ஒரே நுனி.”

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஒயரின் கழுத்தில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது. எண்ணெய்யும் தூசியும் பட்ட சிவப்பு நூல், இரண்டு முடிச்சு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “பாத்தீங்களா அண்ணே, எங்க மெக்கானிக் கெட்டிக்காரர்! அடையாளம் கட்டி வச்சிருக்கார். சிவப்புன்னா பிளஸ்.”

“அது உண்டு,” என்றார் வில்சன். “சிவப்பு எப்பவும் பாசிட்டிவு ஆக்கும்.” நூல் கட்டிய ஒயரை ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடி போட்ட போல்ட்டில் மாட்டினார். மற்ற ஒயரைப் பாடி போல்ட்டில் முறுக்கினார். மணி ஒன்பதே முக்கால். நான் மனசுக்குள் ஆரியங்கோட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பேட்டரியின் மைனஸ் கிளாம்பை அவர் தொட்டுவைத்தார், அவ்வளவுதான். டப்பென்று ஒரு வெடி, கண்ணைப் பறிக்கிற நீல வெளிச்சம். வில்சன் கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தார். “எனக்க கர்த்தாவே!” தினமும் தீப்பொறியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன் அப்படி விழுந்ததைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் தாவினேன். டார்ச் கையை விட்டு எங்கோ போயிற்று. கிளாம்பின் ஓரத்தில் ஒரு துண்டு ஈயம் உருகியிருந்தது.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். அத்தோடு நாங்கள் நிறுத்தவில்லை. கிளாம்பு வைக்கும்போது சின்னதாகப் பொறி பறப்பது எல்லா வண்டியிலும் உள்ளதுதானே என்று நானே சொன்னேன். வில்சனும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “லூஸா வச்சதுனால இருக்கும், இந்தத் தடவ ஒரே அமுக்கா அமுக்கி முறுக்கிருவோம்,” என்றார். நேரமில்லை என்ற ஒரே நினைப்பு. அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டார்.

அப்போது பின்னால் பீப் பீப் சத்தம். அக்கா மெஷின் பையோடும் உருளிப் பையோடும் எழுந்து வந்து நிற்கிறாள். பேட்டரி குறைந்துவிட்டது என்று மெஷின் கத்துகிறது. என்னைக் கேட்க வந்தவள் எஞ்சினைப் பார்த்ததும் கேள்வியை மறந்துவிட்டாள்.

“எட்டீ, எனக்க சரட எதுக்கு எடம் மாத்தி வச்சிருக்க?”

“எந்தச் சரடு?”

“இந்தா இந்தச் சிவப்பு. போன வாரம் மெக்கானிக்கு பெல்ட்டு மாத்த வந்தாருல்லா, அப்ப சீட்டு தூக்கித்தானே கெடந்துது. கோயில்ல ஜெபிச்சு வாங்குன சரட நானாக்கும் கெட்டுனேன். வழியில ஒண்ணும் வரப்பிடாதுன்னு.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். “எந்த ஒயர்ல கட்டுன?”

“பாடியில போயி முட்டுதே, அந்த ஒயர்ல. அவருதான் சொன்னாரு. அக்கா, மத்ததுல கெட்டாதீங்க, அதுல எப்பவும் கரண்டு உண்டு. இது எர்த்து, இதுல கெட்டுனா சரடு கருகாதுன்னு.”

வில்சன் ஸ்பேனரைக் கீழே போட்டார். அது தரையில் விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நான் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். பேட்டரியின் பிளஸைக் கொண்டுபோய் நேராகப் பாடியில் முறுக்கி வைத்திருக்கிறோம். கிளாம்பை இறுக்கியிருந்தால் சீட்டுக்கு அடியில் அந்த ஒயர் முழுதும் பழுத்துத் தீப்பிடித்திருக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். முக்கால் அடி தூரத்தில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு என் அக்கா நிற்கிறாள்!

அக்காவை அப்படியே தள்ளிக்கொண்டுபோய்க் கடைக்குள் உட்கார வைத்தேன். என்னத்துக்குத் தள்ளுகிறாய் என்று கத்தினாள். கத்தட்டும். மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

வில்சன் இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டு ஒயர்களையும் கழற்றி, எதையும் தொடாமல் அந்தரத்தில் நிறுத்தினார். “இனி நூலையும் நம்பண்டாம், நிறத்தையும் நம்பண்டாம். பல்பு சொல்லட்டு.” தன் ஸ்கூட்டரிலிருந்து இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரோடு பிடுங்கினார். அதில் இரண்டு துண்டு ஒயர். ஒரு நுனியை பேட்டரியின் மைனஸ் கட்டையில் நான் பிடித்துக்கொண்டேன். மறு நுனியால் நூல் இல்லாத ஒயரின் லக்கைத் தொட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நூல் கட்டிய ஒயரைத் தொட்டார். எரியவில்லை. அதாவது நூல் இல்லாததுதான் பிளஸ்.

அதோடு விடவும் எனக்கு மனசில்லை. எரிந்த ஒயரின் நுனியில் பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றிவிட்டு, மைனஸ் கிளாம்பைத் தொட்டுவைத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பொறிகூட இல்லை. இப்போது பல்பின் ஒரு நுனியை பேட்டரியின் பிளஸில் வைத்து, மறு நுனியால் நூல் கட்டிய ஒயரைத் தொட்டார். எரிந்தது. அது எர்த்தேதான், சந்தேகமில்லை. மறுபடி கிளாம்பைக் கழற்றிவிட்டு, பிளஸை ரப்பர் மூடி போட்ட போல்ட்டிலும் எர்த்தைப் பாடியிலும் முறுக்கி, கடைசியாகக் கிளாம்பை மாட்டினார். சத்தமே இல்லை. அப்போது அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது.

சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை முனகி, மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. சிவப்பு லைட் அணைந்தது. மெஷின் ஒயரைச் சொருகியதும் பச்சை லைட் வந்து பீப் சத்தம் நின்றது. அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். நானும்தான்.

வெல்டிங்குக்கு முந்நூறு ரூபாய் வாங்கினார். அந்த இண்டிகேட்டர் பல்பைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது அக்காவிடம், “அக்கா, இனி சரடு கெட்டினா பாசிட்டிவுல கெட்டுங்க, கருகினாலும் பரவாயில்ல,” என்றார். அக்கா முறைத்தாள்.

பத்து ஐந்துக்குப் புறப்பட்டு நெய்யாற்றின்கரை வந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. அங்கிருந்து ஆரியங்கோடு பன்னிரண்டு கிலோமீட்டர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குறுகலான ரோடு, வளைவு அதிகம். பெரிய வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துப் போங்கள். வழி முழுக்க எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அக்காவின் சரடுகளைக் கேலி பேசியவள் நான். நிலைப்படியில் கட்டினால் சிரிப்பேன், கேஸ் சிலிண்டரில் கட்டினால் அதற்கும் சிரிப்பேன். அன்றைக்கு அந்தச் சரடை அக்காவைவிட அதிகமாக நம்பியது நான்தான்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். அக்கா மெஷின் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். மூக்குக் குழாயையும் ஒரு நிமிஷம் கழற்றித் தந்தாள். நான் நாலடி தள்ளி நிற்க, அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆக்ஸிஜனுக்கு நெருப்பு ஆகாது. அதனால் பற்றவைத்ததும் தோளைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துவந்து குழாயை மாட்டிவிட்டேன். பால் பொங்கியதை அங்கிருந்தே பார்த்தாள். குரவை போட மூச்சு போதவில்லை. கையை மட்டும் தட்டினாள்.

அப்போது அண்ணன் போன். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “ஒண்ணும் இல்ல அண்ணே. சுகமா வந்தோம். பாறசாலையில ஒரு சாயா குடிச்சோம், அதான் கொஞ்சம் தாமசம்.” குரலில் ஒரு நடுக்கமில்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் கேட்டாலும் செய்திருப்பாள். பாறசாலை வெடியைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “சொல்லலைன்னா நான் இனி அந்த நாலு சொவருக்குள்ளயாக்கும்,” என்றாள். “ஆக்ஸிஜன் இல்லாம செத்தா ஒரு தடவை சாவேன். அங்க கெடந்தா தெனமும்.”

நீங்கள் போவதானால் சில விஷயங்கள். ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், எது எந்த போல்ட்டில் என்று. நாங்கள் எடுக்கவில்லை. மைனஸ் கிளாம்பைக் கழற்றிவிட்டே ஒயரைத் தொடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பழைய வண்டியில் யார் என்ன ஒயர் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு துண்டு ஒயர், இது போதும். மைனஸிலிருந்து தொட்டால் எரிவது பிளஸ், பிளஸிலிருந்து தொட்டால் எரிவது எர்த். கிளாம்பு வைக்கையில் வெடித்தால் இரண்டாவது தடவை வைக்கவே வைக்காதீர்கள். ஆக்ஸிஜன் வைத்திருப்பவரை வண்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாறசாலைப் பக்கம் ஒர்க்‌ஷாப் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். வீட்டுச் சார்ஜரை உங்கள் கையால் பையில் வையுங்கள்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டுத்தான் எழுதினேன். அண்ணன் இதெல்லாம் படிக்க மாட்டார், தைரியமாக எழுது என்றாள். நேற்று மறுபடி கூப்பிட்டாள். அடுத்த மாதம் திற்பரப்பு அருவி பார்க்க வேண்டுமாம். சரி, ஆனால் இனிமேல் என் வண்டியில் சரடு கட்டுவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டு என்றேன்.

“கெட்டியாச்சு,” என்றாள்.

எதில் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். காலையிலிருந்து நான் சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச்சோடு நிற்கிறேன்.